திரும்பும் வழி

முன்வைத்த காலைப் பின்வைத்தல் வீரத்திற்கு இழுக்கு என்பது தமிழர் வழக்கு. அதே தமிழர், ஆட்டுக்கடா பின்வாங்குவது அஞ்சியன்று, பாய்வதற்கே என்றும் கண்டு கூறியுள்ளனர். பின்வாங்கல் என்னும் ஒரே செயல் ஓரிடத்தில் இழிவாகவும் மற்றோரிடத்தில் அறிவாகவும் கருதப்படுவதை இவ்விரு கருத்துகளும் புலப்படுத்துகின்றன. போர்க்களத்திற்கு உரியதாக இருந்த இவ்வினா, கணினியின் வரலாற்றிலும் எழுந்தது. புதிய இயங்குதளத்தை ஏற்ற ஒருவர் அதனை நீக்கிவிட்டுப் பழைய பதிப்புக்கே திரும்புவது முறையா? திரும்ப விரும்பினால் அதற்கு வழி உண்டா? அவ்வழியைத் திறக்கும் உரிமை யாருடையது? இம்மூன்று வினாக்களும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயனர்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் இடையே நிலவிவரும் ஒரு வழக்கின் கூறுகளாகும்.

இயங்குதளம் என்பது ஒரு பள்ளியின் பாடவேளை அட்டவணையைப் போன்றது. எந்த ஆசிரியர் எந்த அறையில் எந்த வேளையில் பாடம் நடத்துவார் என்பதை அட்டவணை வகுக்கிறது. எந்த மென்பொருள் எந்த நினைவகப் பகுதியில் எப்பொழுது இயங்கும், அச்சுப்பொறிக்கும் திரைக்கும் யார் வழியாகச் செய்தி செல்லும் என்பனவற்றை இயங்குதளம் வகுக்கிறது. அட்டவணையை மாற்றினால், ஆசிரியர்களும் அறைகளும் முன்போலவே இருப்பினும், பள்ளியின் நடப்பே மாறிவிடும். அவ்வாறே இயங்குதளத்தின் பதிப்பு மாறும்பொழுது கணினியின் உறுப்புகள் மாறாவிடினும் அதன் இயல்பு மாறிவிடுகிறது. முந்தைய பதிப்புக்குத் திரும்புவதைத் தரமிறக்கம் என்று மொழிபெயர்ப்போர் உளர். தரம் உண்மையிலேயே இறங்குகிறதா என்பதுதான் வழக்கின் நடுப்பொருள் ஆதலால், அச்சொல்லை விடுத்துத் திரும்புதல் என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

நெகிழ்வட்டுக் காலம்

தனியாள் கணினியின் முதற்காலத்தில் எம்.எஸ்.டாஸ் என்னும் இயங்குதளம் பெருவழக்காக இருந்தது. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 3.3 பதிப்பு அலுவலகங்களில் நன்கு நிலைபெற்றது. அடுத்த ஆண்டிலேயே 4.0 பதிப்பு வந்தது. 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுப் பகுதிகளைக் கையாளும் ஆற்றலை அது தந்தது உண்மையே. ஆயினும், அக்காலக் கணினிகளில் இயங்குதளத்திற்கும் மென்பொருள்களுக்கும் பொதுவாகக் கிடைத்த முதன்மை நினைவகம் 640 கிலோபைட் அளவினதே. அச்சிறு இடத்தில் 4.0 பதிப்பு தனக்கு முன்னதைவிட மிகுதியாக இடம்பிடித்துக்கொண்டது. பிழைகளும் மலிந்திருந்தன. வட்டினைச் சீர்செய்யும் பழைய துணைநிரல்கள் புதிய வட்டமைப்பை அறியாமல் தடுமாறின. எனவே பலர் 3.3 பதிப்புக்கே திரும்பினர். பெரிய வட்டுப் பகுதியை முன்னரே அமைத்துக்கொண்டவர்களுக்கு அது கடினமாக இருந்தது. ஏனையோருக்கு மேசை இழுப்பறையில் இருந்த பழைய நெகிழ்வட்டே போதுமானதாயிற்று.

இந்தப் பட்டறிவின் பயனை 1991ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளிவந்த 5.0 பதிப்பில் காணலாம். அதனை ஏற்றும்பொழுது, ஒன்றிரண்டு வெற்று நெகிழ்வட்டுகளை எடுத்துவைக்குமாறு நிறுவுநிரல் முதலிலேயே கேட்டது. திரும்புவதற்கு வேண்டிய குறிப்புகளை அவ்வட்டுகளில் எழுதியது. பழைய இயங்குதளத்தின் கோப்புகளை அழித்துவிடாமல் தனியோர் அடைவில் பெயர்த்து வைத்தது. புதியது ஒத்துவராவிடின், அந்த நெகிழ்வட்டைச் செருகிக் கணினியைத் தொடக்கினால் பழையது மீண்டுவிடும். புதியதே போதும் என்று மனம் துணிந்த பின்னரே, பழைய கோப்புகளை நீக்குவதற்கெனத் தரப்பட்ட தனிக்கட்டளையைப் பயனர் பயன்படுத்த வேண்டும். நாள் குறிக்கப்படவில்லை, காவலும் வைக்கப்படவில்லை. முடிவு பயனரின் கையில் இருந்தது.

அப்பதிப்பில் மற்றொரு நுட்பமும் இருந்தது. பழைய மென்பொருள்கள் சில, தாம் அறிந்த பதிப்பெண்ணைக் காணாவிடில் இயங்க மறுத்தன. அவற்றுக்கு மட்டும் பழைய எண்ணையே விடையாகச் சொல்லும் செட்வெர் என்னும் கட்டளை 5.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. தீங்கில்லாத ஒரு பொய்யினால், திரும்பவேண்டிய தேவையே பலருக்கு நீங்கியது.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95 இதே நெறியைப் பின்பற்றியது. பழைய விண்டோஸ் மீது அதனை ஏற்றுவோர் விரும்பினால் பழைய கோப்புகள் சுருக்கிச் சேமிக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டின் விண்டோஸ் 98, 2001ஆம் ஆண்டின் விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றிலும் இவ்வசதி தொடர்ந்தது. ஆனால் ஒரு வரம்பு தோன்றியது. வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையையே புதியதாக மாற்றிக்கொண்டவர்கள் திரும்ப இயலாது. 98 பதிப்பில் ஃபேட் 32 முறைக்கும், எக்ஸ்பி பதிப்பில் என்.டி.எஃப்.எஸ். முறைக்கும் மாறியவர்களுக்குப் பின்வழி அடைபட்டது. வீட்டின் கூரையை மாற்றியவர் பழைய கூரைக்குத் திரும்பலாம். கடைக்காலையே மாற்றியவர் திரும்புதல் அரிது.

எக்ஸ்பி வேரூன்றிய வரலாறு

2001ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் விற்பனைக்கு வந்த எக்ஸ்பி, வீட்டுப் பயனர்க்கான விண்டோஸ் வரிசையையும் அலுவலகங்களுக்கான என்.டி. வரிசையையும் ஒரே அடித்தளத்தில் இணைத்தது. 64 மெகாபைட் நினைவகமே அதற்குக் குறைந்த அளவாகச் சொல்லப்பட்டது. 128 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டது. எளிய கணினிகளிலும் அது இயங்கியது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பியை அடுத்து வரவேண்டிய பதிப்புக்கு லாங்ஹார்ன் என்று பெயரிட்டுப் பணியைத் தொடங்கியிருந்தது. பணி எளிதில் முடியவில்லை. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் தீநிரல் எக்ஸ்பிக் கணினிகளைத் தாக்கியது. பாதுகாப்புக் குறைகளை நீக்குவதற்கே நிறுவனத்தின் உழைப்பு பெரிதும் திரும்பியது. அதன் விளைவாக 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு வெளிவந்தது. அதே திங்களில் லாங்ஹார்ன் பணி, அதுவரை எழுதியவற்றுள் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸ் சர்வர் 2003இன் நிரல் அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. பயனர் பலருக்கு முன்பாகவே, இயங்குதளத்தை உருவாக்கியோரும் பழைய, உறுதியான அடித்தளத்துக்குத் திரும்பியதை வரலாறு காட்டுகிறது. அத்திரும்புதலை எவரும் தரமிறக்கம் என்று சொல்லவில்லை.

இவ்வாறு ஐந்தாண்டுகள் கழிந்தன. அவ்வைந்தாண்டுகளில் எக்ஸ்பி மக்கள் மனத்திலும் அலுவலக நடைமுறையிலும் ஆழ வேரூன்றியது. கணக்கு, இருப்பு, ஊதியம் முதலியவற்றுக்கான மென்பொருள்கள் அதனை எண்ணியே எழுதப்பட்டன. எக்ஸ்பியுடன் வந்த ஆறாம் பதிப்பு உலாவியில் மட்டுமே இயங்கும் அலுவலகச் செயலிகளும் பெருகின. இயங்குதளம் ஒரு கருவி என்னும் நிலையினின்று நீங்கிப் பழக்கமாக மாறியது.

விஸ்டாவின் வருகை

லாங்ஹார்ன் இறுதியில் விண்டோஸ் விஸ்டா என்னும் பெயருடன் 2006ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நிறுவனங்களுக்கும், 2007ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் பொதுமக்களுக்கும் வெளியிடப்பட்டது. அதன் அடிப்படைப் பதிப்புக்கே 512 மெகாபைட் நினைவகம் வேண்டியிருந்தது. கண்ணாடி போல் ஒளிரும் சாளரங்களைக் கொண்ட உயர்பதிப்புக்கு 1 கிகாபைட் நினைவகமும், 40 கிகாபைட் வட்டும், அதில் 15 கிகாபைட் வெற்றிடமும் வேண்டுமென அறிவிக்கப்பட்டது. எக்ஸ்பி கேட்ட குறைந்த அளவு நினைவகத்தோடு ஒப்பிட்டால், அடிப்படைப் பதிப்பு 8 மடங்கும், உயர்பதிப்பு 16 மடங்கும் கேட்டன.

விஸ்டாவின் மாற்றங்கள் பல நல்ல நோக்கமுடையவை. எக்ஸ்பியில் பெரும்பாலோர் முழு அதிகாரமுடைய கணக்கிலேயே அன்றாட வேலைகளைச் செய்துவந்தனர். தீநிரல் ஒன்று நுழைந்தால் அதற்கும் முழு அதிகாரம் கிடைத்தது. விஸ்டா அவ்வதிகாரத்தைக் குறைத்து, அமைப்பை மாற்றும் ஒவ்வொரு செயலுக்கும் பயனரின் ஒப்புதலைக் கேட்டது. திரை வரைகலைக்கான இயக்கி நிரல்களின் அமைப்பும் புதிதாக்கப்பட்டது. 64 பிட் பதிப்பில், இயங்குதளத்தின் கருவில் இயங்கும் இயக்கி நிரல்களுக்கு உரிய கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டது.

நோக்கம் நன்றாயினும் காலம் ஒத்துவரவில்லை. அச்சுப்பொறி, வருடி, வரைகலை அட்டை முதலியவற்றுக்குரிய புதிய இயக்கி நிரல்கள் பல உரிய நேரத்தில் ஆயத்தமாகவில்லை. முழு அதிகாரத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் இடறின. ஒப்புதல் கேட்கும் பெட்டி அடிக்கடி தோன்றியதால், பலர் அதனைப் படியாமலே சொடுக்கப் பழகினர். சிலர் அதனை முற்றாக நிறுத்திவிட்டனர். அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை எச்சரிக்கையாக நில்லாது என்னும் பாடத்தை வகுப்பறை அறிந்தோர் எளிதில் உணர்வர்.

மற்றொரு மனக்குறையும் சேர்ந்தது. விஸ்டா வெளிவருமுன்னரே, விஸ்டாவுக்கு ஏற்றது என்னும் ஒட்டுத்தாளுடன் கணினிகள் விற்கப்பட்டன. அவற்றுள் சில, அடிப்படைப் பதிப்பை மட்டுமே தாங்கவல்லவை. உயர்பதிப்பின் சாளரங்களைக் காட்டும் ஆற்றல் அவற்றின் வரைகலைச் சில்லுகளுக்கு இல்லை. 2007ஆம் ஆண்டில் இதன்பொருட்டு அமெரிக்க நாட்டின் வாசிங்டன் மாநிலத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கினூடே 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான நிறுவன மின்னஞ்சல்களில், விலையுயர்ந்த மடிக்கணினியை வாங்கிய மைக்ரோசாப்ட் உயர் அலுவலர் ஒருவரே, அது மின்னஞ்சல் பார்க்கும் பொறியாக மட்டும் பயன்படுவதாகக் குறைப்பட்டிருந்தமை தெரியவந்தது. வாங்கியோர் அனைவருக்குமாகத் தொடர்ந்து நடத்தும் தகுதியை அவ்வழக்கு 2009ஆம் ஆண்டில் இழந்தது. எனினும் வெளியான மின்னஞ்சல்கள் மக்கள் மனத்திலிருந்து எளிதில் நீங்கவில்லை.

திரும்பியோரும் உரிமமும்

புதிய கணினியை வாங்கி, அதிலுள்ள விஸ்டாவை நீக்கி, எக்ஸ்பியை ஏற்றுவோர் தொகை பெருகியது. வாடிக்கையாளர்களின் வேண்டுகோளை ஏற்று, டெல் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஏப்ரலில் வீட்டுப் பயனர்க்கான சில கணினிகளில் எக்ஸ்பியை மீண்டும் தெரிவாக வழங்கியது. 2008ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாளோடு எக்ஸ்பியின் விற்பனையை நிறுத்துவதாக இருந்த மைக்ரோசாப்ட், அந்நாளைச் சூன் 30 வரை நீட்டித்தது. அமெரிக்காவின் இன்ஃபோவேர்ல்டு இதழ் 2008ஆம் ஆண்டு சனவரியில் எக்ஸ்பியைக் காக்கும்படி தொடங்கிய விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். புதியதைக் கேட்டு மக்கள் வரிசையில் நின்ற நிகழ்ச்சிகள் கணினி வரலாற்றில் பலவுண்டு. பழையதைக் கேட்டு இத்துணைப் பெருந்தொகையினர் விண்ணப்பித்தது வியப்புக்குரியது.

இவ்விடத்தில் உரிமத்தின் பங்கு நோக்கத்தக்கது. கணினியுடன் விற்கப்பட்ட விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் என்னும் இரண்டு பதிப்புகளை வாங்கியவர்கள், அதே உரிமத்தைக் கொண்டு எக்ஸ்பியின் புரொபஷனல் பதிப்பைப் பயன்படுத்த இசைவு இருந்தது. பிற்காலத்தில் விரும்பும்பொழுது விஸ்டாவுக்கே மீளவும் தடையில்லை. வீட்டுப் பதிப்புகளை வாங்கியோருக்கு அவ்வுரிமை இல்லை. மொத்தமாக உரிமம் பெறும் பெருநிறுவனங்கள் முந்தைய பதிப்பைப் பயன்படுத்தலாம் என்பது முன்பிருந்தே வழக்கம். எனவே பணமும் அளவும் உடையவருக்குத் திரும்பும் வழி அகலமாகவும், தனியொருவராக மலிவுப் பதிப்பை வாங்கியவருக்கு அடைபட்டும் இருந்தது. 1991ஆம் ஆண்டில் எவரும் எடுத்துவைத்துக்கொள்ளக்கூடிய நெகிழ்வட்டாக இருந்த திரும்பும் வழி, 2007ஆம் ஆண்டில் உரிமத்தாளின் ஒரு பத்தியாக மாறியிருந்தது.

2008ஆம் ஆண்டு சூன் திங்களுக்குப் பின்னர் விற்பனையாளர் சிலர், விஸ்டா உரிமத்தின்கீழ் எக்ஸ்பியை ஏற்றிய கணினிகளை விற்று, விஸ்டா வட்டினைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனர். விற்பனைக் கணக்கில் அது விஸ்டா, மேசைமேல் எக்ஸ்பி. புள்ளிவிவரம் ஒன்றைச் சொல்ல, நடைமுறை வேறொன்றைச் சொன்ன காலம் அது.

சிறுகணினிகளும் இத்திரும்புதலுக்கு வலுவூட்டின. 2007ஆம் ஆண்டின் இறுதியில் அசுஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி என்னும் சிறு மடிக்கணினியில் 512 மெகாபைட் நினைவகமும் 4 கிகாபைட் சேமிப்பிடமுமே இருந்தன. லினக்ஸ் இயங்குதளத்துடன் அது வந்தது. விஸ்டா அத்தகைய பொறியில் புகவும் இயலாது. ஆகவே 2008ஆம் ஆண்டு ஏப்ரலில், மலிவான சிறுகணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பை மேலும் வழங்குவதென மைக்ரோசாப்ட் அறிவிக்க நேர்ந்தது.

விஸ்டாவின் மீது சுமத்தப்பட்ட குறைகள் அனைத்தும் நேரியவை அல்ல. 2008ஆம் ஆண்டில் வந்த முதற் சேவைத் தொகுப்பு பலவற்றைச் சீர்செய்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட், விஸ்டாவை மொகாவி என்னும் புதுப்பெயரால் சிலருக்குக் காட்டி, அவர்கள் அதனைப் பாராட்டியதைப் படம்பிடித்து வெளியிட்டது. விளம்பரத்தை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும், கெட்டபெயர் ஒன்று பரவிவிட்டால் பொருளைப் பாராமலே மக்கள் தீர்ப்பளிப்பர் என்பதில் உண்மை இருக்கிறது. திரும்பியோருள் துன்புற்றுத் திரும்பியோரும் இருந்தனர். பிறர் சொல் கேட்டுத் திரும்பியோரும் இருந்தனர்.

திரும்புதலின் அருமை

உரிமை இருந்தாலும் வேலை எளிதாக இல்லை. பழைய பதிப்பின் நிறுவுநிரல், தன்னினும் புதிய பதிப்பின்மீது தன்னை ஏற்றிக்கொள்ளாது. எனவே கணினியை எக்ஸ்பி வட்டிலிருந்து தொடக்கி, வன்தட்டை வெறுமையாக்கி, முதலிலிருந்து நிறுவ வேண்டும். அதற்கு முன்பாகக் கடிதங்களும் படங்களும் கணக்குகளும் வேறிடத்திற்குப் படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்க மறந்தவை மறைந்தவையே.

அடுத்த இடர் வன்தட்டிலேயே காத்திருந்தது. 2001ஆம் ஆண்டில் உருவான எக்ஸ்பியின் வட்டில், பிற்காலத்துச் சாட்டா வன்தட்டுக் கட்டுப்பாட்டுக்குரிய இயக்கி நிரல் இல்லை. நிறுவுநிரல் வன்தட்டே இல்லையென்று சொல்லும். அல்லது நீலத்திரையில் நின்றுவிடும். நிறுவும் தொடக்கத்தில் எஃப் 6 விசையை அழுத்தி, இயக்கி நிரலை நெகிழ்வட்டின் வழியாகத் தரவேண்டும். ஆனால் அக்காலப் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நெகிழ்வட்டுச் செலுத்தியே இல்லை. ஆகவே சிலர் கணினியின் அடிப்படை அமைப்பில் வன்தட்டைப் பழைய முறையில் இயங்கச் செய்தனர். சிலர் வேண்டிய நிரலை உட்சேர்த்துப் புதிய எக்ஸ்பி வட்டு ஒன்றைத் தாமே ஆக்கிக்கொண்டனர். நிறுவிய பின்னரும் ஒலி, கம்பியில்லா இணைப்பு, திரை ஆகியவற்றுக்கு எக்ஸ்பிக்கு ஏற்ற இயக்கி நிரல்களைத் தேடவேண்டியிருந்தது. முன்பே பயன்பட்ட வட்டைக் கொண்டு நிறுவியவர்கள் தொலைபேசியில் அழைத்து, தம் உரிமையை விளக்கி, இயக்க எண்ணைப் பெற வேண்டியிருந்தது.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள விழைந்தவர்களுக்கு வேறொரு வியப்பு நேர்ந்தது. விஸ்டா தன் நிலையை அவ்வப்போது பதிவுசெய்து வைத்த மீட்புப் புள்ளிகளை, அதே கணினியில் எக்ஸ்பியைத் தொடக்கியவுடன் எக்ஸ்பி அழித்துவிட்டது. பகைமையினால் அன்று, அப்பதிவின் புதிய வடிவத்தைப் பழைய பதிப்பு அறியாமையினால். புதியது பழையதை மதியாதிருப்பது பலரும் அறிந்த குறை. பழையதும் புதியதன் ஏட்டை அறியாமல் அழிக்கக்கூடும் என்பது எண்ணத்தக்கது.

தமிழெழுத்தும் திரும்புதலும்

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. யூனிகோடு முறையில் தமிழை எழுதவும் காட்டவும் வல்ல முதல் விண்டோஸ், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 ஆகும். லதா என்னும் தமிழ் எழுத்துரு அதனுடன் வந்தது. எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது. ஆனால் நிறுவியவுடன் கிடைக்கவில்லை. வட்டார மொழி அமைப்பைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தைத் தேர்ந்து, எக்ஸ்பி வட்டைச் செருகி, கணினியை மீண்டும் தொடக்கினால்தான் தமிழ் சீராகத் தோன்றும். அன்றேல் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ காட்சியளித்தன. விஸ்டாவில் இவ்வேலை தேவைப்படவில்லை. தமிழ் முதலிலேயே அமைந்திருந்தது.

ஆகவே, விஸ்டாவிலிருந்து எக்ஸ்பிக்குத் திரும்பிய தமிழ்ப் பயனர், வேகத்தைப் பெற்ற அதே நாளில் எழுத்தை இழக்கக்கூடும். இழப்பு நிலையானதன்று, ஒரு வட்டும் சிறிது நேரமும் இருந்தால் மீட்கத்தக்கது. ஆனால் அந்த ஒரு கட்டத்தை அறியாதவர்கள், கணினியில் தமிழ் வராது என்றே முடிவுசெய்திருப்பர். ஆங்கிலம் மட்டும் எழுதுவோர்க்கு ஒரு பதிப்பின் மாற்றம் வசதியைப் பற்றியது. தமிழ் எழுதுவோர்க்கு அது மொழியையே தொடுவதாயிற்று.

பழமையில் தங்கியதன் விலை

2009ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 7, விஸ்டாவின் அடித்தளத்தையே செம்மைப்படுத்தி மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. அதன் உயர்பதிப்புகளில், எக்ஸ்பியை உள்ளேயே ஒரு கற்பனைக் கணினியாக இயக்கும் வசதி தரப்பட்டது. திரும்பாமலே திரும்பிப் பார்க்கும் சாளரம் அது. இருப்பினும் அலுவலகங்கள் பல எக்ஸ்பியை விடவில்லை. விண்டோஸ் 7 உரிமத்தின்கீழ் எக்ஸ்பியைப் பயன்படுத்தும் உரிமையையும் மைக்ரோசாப்ட் 2010ஆம் ஆண்டு சூலையில் நீட்டித்தது.

ஓய்வெடுக்கத் திரும்பிய இடம் பலருக்கு நிலையான இருப்பிடமாகிவிட்டது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அப்பொழுதும் உலகின் மேசைக் கணினிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எக்ஸ்பியிலேயே இயங்கியதாக ஒரு கணக்கெடுப்புக் காட்டியது. பிரிட்டிஷ் அரசு, தன் பொதுத்துறைக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு திருத்தங்களைப் பெறுவதற்காக மைக்ரோசாப்ட்டுக்கு ஏறத்தாழ 55 இலட்சம் பவுண்டு கொடுத்தது. காலத்தே மாறாமையின் விலை பணமாகவே எண்ணப்பட்ட நிகழ்ச்சி அது.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வானாகிரை என்னும் தீநிரல் 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அக்குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சுத் திங்களிலேயே நடைமுறைப் பதிப்புகளுக்கு வழங்கியிருந்தது. எக்ஸ்பிக்குப் பொதுவாக வழங்கவில்லை. தாக்குதலுக்குப் பின்னரே, வழக்கத்துக்கு மாறாக, எக்ஸ்பிக்கும் அது வெளியிடப்பட்டது. அத்தாக்குதலில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை எக்ஸ்பி அல்ல; திருத்தத்தை ஏற்றாதிருந்த விண்டோஸ் 7 கணினிகளே என்பது பின்னர்த் தெரிந்தது. எனவே ஆபத்து பழைய பதிப்பில் மட்டும் இல்லை. பேணப்படாத எப்பதிப்பிலும் உண்டு. பழையதில் நிற்பவர் அதனைப் பேணுவோர் யார் என்று கேட்டறிய வேண்டும். விடை கிடைக்காதபொழுது அங்கு நிற்றல் தகாது.

கையொப்பமும் பத்து நாளும்

கைபேசிகளின் காலத்தில் திரும்பும் வழி மேலும் ஒடுங்கியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் இயங்குதளத்தை நிறுவும்பொழுது, அக்கருவிக்கும் அப்பதிப்புக்குமான கையொப்பத்தை ஆப்பிளின் வழங்கியிலிருந்து பெறும் முறை 2009ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பதிப்புக்குக் கையொப்பமிடுவதை நிறுவனம் நிறுத்திவிட்டால், அப்பதிப்பின் கோப்பு பயனரிடம் இருந்தும் பயனில்லை. குறைகள் அறியப்பட்ட பழைய பதிப்பைத் தீயோர் மீண்டும் ஏற்றுவதைத் தடுப்பது இதன் நன்மை. பயனர் தம் விருப்பத்தால் திரும்புவதும் அதே பூட்டினால் தடைப்படுகிறது.

அப்பூட்டின் திறவுகோலை ஆப்பிளே திறந்துவைக்க வேண்டிய வேளையும் வந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் வெளியான ஐ.ஓ.எஸ். 8.0.1 பதிப்பு, புதிய ஐபோன் 6 கருவிகளில் தொலைபேசி இணைப்பையும் விரல்ரேகை உணர்வியையும் முடக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 40,000க்கும் குறைவான கருவிகளே பாதிக்கப்பட்டன என்று அறிவித்த ஆப்பிள், பயனர்கள் முந்தைய 8.0 பதிப்புக்குத் திரும்பும் முறையைத் தானே விளக்கியது. திருந்திய 8.0.2 பதிப்பு மறுநாளே வந்தது. உலகின் பெருநிறுவனமும் பின்வைத்த காலின்மீது நின்றே பிழையைத் திருத்தியது என்பதை மாணவர் நினைவில் இருத்தலாம்.

விண்டோஸிலும் இதனையொத்த மாற்றம் நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 10, பழைய இயங்குதளத்தை வட்டிலேயே ஓர் அடைவில் வைத்திருந்து, ஒரு திங்களுக்குள் திரும்ப இடந்தந்தது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் அக்கெடு 10 நாளாகக் குறைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கும் அதே 10 நாள் கெடு அமைந்தது. டாஸ் 5.0 காலத்தில் பழைய கோப்புகளை நீக்கும் நாளைப் பயனர் குறித்தார். பிற்காலத்தில் அந்நாளை இயங்குதளமே குறித்துக்கொண்டது. கால ஓட்டத்தில் திரும்பும் பொறிநுட்பம் எளிதாயிற்று; திரும்பும் உரிமையோ சுருங்கிற்று. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்ற நிலையில், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை உடையோர், எக்ஸ்பியின் கடைசி நாளில் நின்றோரின் நிலையையே மீண்டும் எய்தினர்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் இவ்வரலாறு விடை தருகிறது. முந்தைய பதிப்புக்குத் திரும்புவது இழிவன்று. வேலை நடைபெற வேண்டும் என்னும் கடமையை உடையவர், வேலையைத் தடுக்கும் கருவியை மாற்றிக்கொள்வது அறிவுடைமையே. லாங்ஹார்னை உருவாக்கியோரும் ஐபோனை உருவாக்கியோரும் அதனையே செய்தனர். திரும்பும் வழி எப்பொழுதும் இருந்தது. ஆயின் அதன் திறவுகோல் பயனரின் இழுப்பறையிலிருந்து உரிமத்தாளுக்கும், உரிமத்தாளிலிருந்து நிறுவனத்தின் கையொப்பத்துக்கும் இடம்பெயர்ந்தது.

ஒரு செயலைத் தொடங்குமுன் அதன் முடிவையும் இடையில் வரும் தடையையும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. புதிய பதிப்பை ஏற்றுமுன் எழுதியவற்றையெல்லாம் தனியே படியெடுத்து வைத்தல், இயக்கி நிரல்கள் உளவா என்று பார்த்தல், தமிழ் சீராகத் தோன்றுமா என்று சோதித்தல், திரும்பும் கெடு எத்தனை நாள் என்று அறிதல் ஆகிய நான்கும் அந்நெறியின் இக்கால வடிவங்களாகும். திரும்பியவருக்கும் ஒரு கடமை உண்டு. திரும்பிய இடத்தில் எத்தனை நாள் தங்குவது என்பதையும், மீண்டும் எப்பொழுது புறப்படுவது என்பதையும் அன்றே வரையறுத்தல் வேண்டும். பின்வாங்கிய கடா பின்வாங்கிய இடத்திலேயே மேய்ந்துகொண்டிருப்பின் அது பாய்ச்சலுக்கான பின்வாங்கல் ஆகாது.

இயங்குதளங்கள் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பதிப்பும் இறுதிப் பதிப்பு ஆகாது. மாறும் கருவிகளுக்கிடையே மாறாமல் காக்கப்பட வேண்டியவை, மனிதர் எழுதிய எழுத்தும், எழுதுவதற்கான மொழியும், எப்பொழுது முன்செல்வது, எப்பொழுது நிற்பது என்று தாமே முடிவுசெய்யும் உரிமையும் ஆகும். அவ்வுரிமை கேட்போருக்கே கிடைக்கும் என்பதை இரண்டு இலட்சம் கையெழுத்துகள் காட்டின. கிடைத்த உரிமையை நன்கு பயன்படுத்தாவிடின் இழப்பு நேரும் என்பதை 2014க்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. இரண்டு பாடங்களையும் ஒருங்கே கற்றவர்க்கு முன்வைக்கும் காலும் பின்வைக்கும் காலும் நடையின் இரு பகுதிகளாகவே அமையும்.